அறுபத்து நாலாம் மாதிரி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் உன் வாயாடியும் சௌக்கியம். உன் கண்வலி விட்டதா? பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கிற வேலை உனக்கு. சொட்டு மருந்தை மறக்காதே.

இங்கே ஒரு வேடிக்கை. மகள் கல்லூரிக்குப் போகிற வயதில் என்னை மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். பல்கலைக்கழக அலுவலர்கள் எல்லோரும் ஆங்கில இலக்கணத்தையும் அலுவலக எழுத்தையும் மேம்படுத்திக்கொள்ள வேண்டும் என்று பதிவாளரிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. செவ்வாயும் வியாழனும் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை வகுப்பு. நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை, கைப்பலகை வைத்த நாற்காலிகள். கேஷியர் ஒரு நாற்காலிக்குள் நுழைந்துவிட்டார், வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

டீச்சருக்கு முப்பது வயதுகூட இராது. முதல் நாளே எங்கள் அடிமடியில் கை வைத்துவிட்டாள். "நீங்கல்லாம் லெட்டர் எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டாள். "பழைய ஃபைலைப் பாத்துத்தான்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். உண்மை அதுதானே. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை, தம்பி. போன வருஷத்து ஃபைலைத் திறப்பேன், தேதியை மாற்றுவேன், பேரை மாற்றுவேன், தட்டச்சு செய்வேன். உன் அண்ணனும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். அவர் போன பிறகு அவர் நாற்காலியை எனக்குக் கொடுத்தவர்கள் அவருடைய ஃபைல்களையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

லீவு லெட்டர் மாதிரியில் காய்ச்சல் என்று இருக்கிறது. அதனால் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் காய்ச்சல்தான். டிரைவருக்குக் கால் உடைந்தபோதும் காய்ச்சல் என்றே எழுதிக் கொடுத்தோம். டீச்சர் அந்த லீவு லெட்டர் கட்டைப் புரட்டிவிட்டு, "இங்க வேற வியாதியே வராதா?" என்றாள். இனிமேல் ஃபைலை மூடி வைத்துவிட்டு எழுத வேண்டுமாம். தேறாதவர்களைப் பழைய விடைத்தாள் அறைக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. அந்தத் தூசியில் மூச்சிரைப்பு உள்ள எனக்கு ஒரு மாதம் தாங்காது.

வீட்டுப்பாடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் சிவப்பு மையால் திருத்தி அனுப்பு. சிரிப்பதானால் அங்கேயே சிரித்து முடித்துவிடு.

அன்புடன்,
அண்ணி

ஜனவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கண் தேவலை. நீங்களும் வாயாடியும் நலமாக இருக்க வேண்டும். அவள் இப்போதும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறமாதிரிதான் பேசுகிறாளா?

சிரித்து முடித்துவிட்டேன். அரை மணி நேரம் ஆயிற்று. காய்ச்சல் கதையை அச்சகத்தில் சொன்னேன், மேலாளரே சிரித்தார்.

உங்கள் தாளில் சிவப்பு அதிகம் தெரிகிறதென்று பயப்பட வேண்டாம். முதலில் விஷயத்தைச் சொல்லுங்கள், பிறகு காரணம், பிறகு நன்றி. நீங்கள் நன்றியில் தொடங்கி நன்றியிலேயே முடிக்கிறீர்கள், நடுவில் விஷயத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

என் தொழில் ரகசியம் ஒன்று சொல்லட்டுமா? பிழை திருத்துகிறவன் பொருளைப் படிக்கக் கூடாது. கதை என்ன ஆகிறது என்று மனசு போய்விட்டால் பிழை தப்பிவிடும். சென்ற வாரம் முந்நூறு பக்கம் பார்த்தேன். பக்கத்து மேஜைக்காரர் என்ன புத்தகம் என்றார். பச்சை அட்டை என்றேன். அவ்வளவுதான் தெரியும் எனக்கு. ஒரு பிழை விடவில்லை.

தாராளமாக அனுப்புங்கள். அண்ணன் நாற்காலியை விட்டுவிடக் கூடாது.

பணிவுடன்,
தம்பி

பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் நலம். எனக்குக் கொஞ்சம் இருமல், காய்ச்சல் இல்லை என்பதைச் சத்தியம் செய்து சொல்கிறேன்.

டீச்சர் என் தாளை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினாள். "இவங்க மாதிரி நேரா விஷயத்துக்கு வாங்க" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாதி உன் எழுத்து என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் தம்பி, உண்மையாகவே கொஞ்சம் வருகிறது. நேற்று ஒரு கல்லூரியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தை யாரையும் கேட்காமல் முழுசாகப் புரிந்துகொண்டேன். இத்தனை வருஷம் கழித்து அந்த இடத்தில் உட்காரத் தகுதி வந்த மாதிரி இருந்தது.

எங்கள் கண்காணிப்பாளரை உனக்குத் தெரியாதே. அவருக்குக் கமா என்று பெயர் வைத்திருக்கிறோம். எதைக் கொண்டுபோனாலும் ஒரு கமாவைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார், வேறொன்றும் செய்ய மாட்டார். அவர் வகுப்புக்கு வருவதில்லை, அவருக்கு எல்லாம் தெரியுமாம். மறுதேர்வுத் தேதியைக் கல்லூரிகளுக்குத் தெரிவிக்கும் கடிதத்தை இந்த வாரம் அனுப்பினோம், முப்பத்தொரு கல்லூரிக்கு. நான் புதிதாக எழுதிக் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. பழைய ஃபைலைப் பார்த்துத் துண்டுச்சீட்டில் தானே எழுதி, கீழே கையெழுத்தைச் சுருக்கிப் போட்டு, "இதை அப்படியே அடிங்கம்மா, உங்க இங்கிலீஷெல்லாம் கிளாஸ்ல வச்சுக்குங்க" என்றார். அடித்துவிட்டுச் சீட்டை ஃபைலில் குத்தி வைத்தேன். மனசு விட்டுப்போயிற்று.

கூட்டக் குறிப்பு எழுதும் பயிற்சி இத்துடன்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். அச்சகத்தில் தலைக்குமேல் வேலை, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். கூட்டக் குறிப்பில் பதினோரு பிழை. முதல் தாளில் நாற்பத்திரண்டு இருந்தது. கணக்கைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள். வாயாடியிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

தம்பி

மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா?

இது கடைசிப் பயிற்சி. கொஞ்சம் கடினமானது. ஓர் அலுவலகம், அதில் ஒரு பெண் எழுத்தர். முப்பத்தொரு கல்லூரிக்குப் போன கடிதத்தில் தேர்வுத் தேதி பதினான்கு என்பதற்குப் பதில் பதினேழு என்று போய்விட்டது. அந்தக் கடிதத்தை மட்டுமே நம்பிய ஒன்பது மாணவர்கள் பதினேழாம் தேதி வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு ஒரு வருஷம் வீண். எழுத்தரிடம் விளக்கம் கேட்கிறார்கள். அந்த விளக்கத்தை எழுத வேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை எழுதியிருக்கிறேன். மேலதிகாரி எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்தேன் என்றும், அந்தச் சீட்டு இப்போது ஃபைலில் இல்லை, குண்டூசி குத்திய இரண்டு ஓட்டை மட்டும் இருக்கிறது என்றும் அந்தப் பெண் சொல்கிறாள். இதை எப்படிச் சொன்னால் சரியாக இருக்கும் என்று நீதான் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் ஆறாம் தேதி கொடுத்தாக வேண்டும். விரைவுத் தபாலில் அனுப்பு. தயவுசெய்து தாமதம் செய்யாதே.

அண்ணி

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலமே. கடிதம் வந்த அன்றே உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் நல்ல பயிற்சியாகத்தான் கொடுத்திருக்கிறார்.

இந்தத் தடவை திருத்தவில்லை, முழுசாகவே மாற்றி எழுதிவிட்டேன். காரணம் சொல்கிறேன். மேலதிகாரிமேல் பழி போடுகிற வரியை எடுத்துவிட்டேன். விளக்கம் கேட்டால் அவர் சொன்னார் இவர் சொன்னார் என்று கையைக் காட்டுவது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோள் சொல்வதுபோல இருக்கிறது. சீட்டு இல்லை என்றால் அதைப் பற்றிப் பேசவே கூடாது. குண்டூசி ஓட்டையெல்லாம் அலுவலகக் கடிதத்துக்கு எதற்கு அண்ணி? படிக்கிறவர் சிரித்துவிடுவார்.

இப்போது கச்சிதமாக நாலு வரி. தேதியைத் தவறாகத் தட்டச்சு செய்தது நான். சரிபார்க்காமல் அனுப்பியதும் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன். ஆங்கிலத்தில் இன்னும் கம்பீரமாக இருக்கிறது, படித்துப் பாருங்கள். இதற்கு முழு மதிப்பெண் தராவிட்டால் டீச்சரின் விலாசத்தை எனக்கு அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

முடிவைச் சொல்ல மறக்காதீர்கள்.

பணிவுடன்,
தம்பி

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் தபால் ஆறாம் தேதி காலையில் கிடைத்தது. கொடுத்துவிட்டேன். மொழி நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

வகுப்பு முடிந்துவிட்டது. இனி அனுப்ப ஒன்றும் இல்லை, நீ சிரமப்பட வேண்டாம். இந்த வாரம் அலமாரியைச் சுத்தம் செய்தேன். உன் அண்ணனுடைய சட்டைகளை வெயிலில் போட்டு எடுத்தேன். பகல் நேரத்தில் இந்தத் தெரு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

மே 14

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம். பார்த்தீர்களா, நான் சொன்னேன் அல்லவா! பாராட்டு யாருக்கு என்று நான் கேட்கப் போவதில்லை, ஆளுக்குப் பாதி.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. எங்கள் அச்சகம் அலுவலகக் கடிதங்களுக்கு நூறு மாதிரிகள் கொண்ட ஒரு புத்தகம் போடுகிறது. தொகுத்தவர் ஒரு மாதிரி குறைகிறது என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். என் மேஜையில் நம்முடைய விளக்கக் கடிதத்தின் நகல் இருந்தது. எடுத்து நீட்டினேன். படித்தவர் அப்படியே வாங்கிக்கொண்டார். அறுபத்து நாலாம் மாதிரி! பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டிருக்கிறது. இனி இந்த ஊர் உலகத்தில் தப்புச் செய்கிறவர்கள் எல்லோரும் நம்மைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதி உங்களுக்குத்தான்.

தம்பி

ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? மே மாதக் கடிதத்துக்குப் பதில் இல்லை. வாயாடியாவது ஒரு வரி எழுதக் கூடாதா? தேர்வு முடிந்து சும்மாதானே இருக்கிறாள்.

புத்தகத்தைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன்.

தம்பி

ஜூலை 1

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இதை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நான் எழுதியதாக அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

அது பயிற்சி இல்லை, சித்தப்பா. அந்தப் பெண் எழுத்தர் அம்மாதான். பதினேழு என்று சீட்டில் எழுதிக் கொடுத்தது அந்தக் கமா. விஷயம் வெளியே வந்த அன்று சாயங்காலம் ஃபைலில் சீட்டு இல்லை. விளக்கம் கேட்டு அம்மாவுக்கு மெமோ வந்தது. வகுப்பெல்லாம் அதற்கு முந்தின வாரமே முடிந்துவிட்டது.

உங்கள் தபால் வந்த அன்று காலையில் நான் கத்தினேன். "ஏம்மா அந்தச் சீட்டு விஷயத்த எடுத்துட்ட? அதுதானம்மா உன்னைக் காப்பாத்தும்!" என்றேன். "சித்தப்பா எடுத்துட்டாரு. அவருக்குத் தெரியாததா? ஒத்துக்கிட்டா ஒரு எச்சரிக்கையோட போயிடும்னுதான் கமாவும் சொல்றாரு" என்றார். தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் உங்கள் தாளை நிறுத்திவைத்து, தேதியை மாற்றி, பெயரைப் போட்டு அடித்தார். எப்போதும் அலுவலகத்தில் செய்கிறமாதிரியே செய்தார். அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டார்.

நாலாம் நாள் அம்மாவை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். மே மாதம் விசாரணை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தக் கடிதத்தை வாசித்து, "இது உங்க கையெழுத்தா?" என்று கேட்டார்களாம். ஆமாம் என்றாராம். முடிந்தது. ஜூன் இருபதாம் தேதி பணிநீக்க ஆணை வந்தது. ஜூலைக் கடைசிக்குள் பல்கலைக்கழகக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும்.

ஆணைக்கு மறுநாள் உங்கள் புத்தகம் வந்தது. அம்மா அந்தப் பக்கத்தை எடுத்து நின்றபடியே படித்தார். "பேரு மட்டும்தான் இல்ல" என்றார். பிறகு அதைச் சமையலறை அலமாரிக்குமேல் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டார்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கொடுத்திருக்கிறார்கள். இருபதாம் தேதியோடு முடிகிறது. அம்மா அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. நீங்கள் ஏதாவது செய்யுங்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன், எழுத வரவில்லை.

வாயாடி

ஜூலை 8

அண்ணி,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

ஏன் அண்ணி என்னிடம் சொல்லவில்லை? ஒரு வார்த்தை, இது நிஜம் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அந்தச் சீட்டு விஷயத்தை முதல் வரியில் வைத்திருப்பேனே. உங்களை நானே என் கையால் பிடித்துத் தள்ளியிருக்கிறேன். அதைத் தூக்கிக்கொண்டு அச்சகம் முழுக்கக் காட்டிப் பெருமை பேசியிருக்கிறேன். மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை.

மேல்முறையீட்டு விண்ணப்பம் தயார் செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த விளக்கத்தை எழுதியவன் நான்தான், உங்களுக்கு ஆங்கிலம் போதாது, பொருள் புரியாமலேயே பார்த்து அடித்துக் கையெழுத்திட்டுவிட்டீர்கள் என்று இருக்கிறது. என் வாக்குமூலமும் தனித் தாளில் உண்டு. கூப்பிட்டால் நேரில் வந்து சொல்கிறேன். நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம். கையெழுத்து மட்டும் போடுங்கள், இருபதாம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

ஜூலை 23

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். வேலைக்குப் போகாமல் இருக்காதே. யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன் விண்ணப்பம் பதினைந்தாம் தேதியே கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். எல்லாம் புரிந்தது. நான் அதைக் கொடுக்கவில்லை.

ஆங்கிலம் தெரியாது என்று நானே எழுதிக் கொடுத்தால், பன்னிரண்டு வருஷம் அங்கே உட்கார்ந்து என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அதற்கும் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை, கொடுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அது பொய். நீ எழுதிய நாலு வரியும் எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்துதான் அடித்தேன்.

மெமோ வாங்கினேன் என்று உனக்கு எழுதக் கை வரவில்லை. உன் அண்ணன் ஒருநாள்கூட வாங்கியதில்லை. அதனால் பயிற்சி என்று போட்டேன். போடும்போதே நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று நினைத்தேன். பிப்ரவரியில் எழுதிய கடிதத்தில் முப்பத்தொரு கல்லூரி இருக்கிறது, கமா இருக்கிறார், அவர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறது. மார்ச்சில் அனுப்பியதிலும் அதே முப்பத்தொன்று. இதைப் படித்த யாருக்கும் தெரிந்துவிடும். உனக்கும் தெரிந்துவிட்டது, நான் கூச்சப்படுவேன் என்று நீயும் தெரியாத மாதிரி எழுதுகிறாய் என்று எடுத்துக்கொண்டேன். அப்படித் தெரிந்த நீ அந்தச் சீட்டு வரியை எடுத்துவிட்டதும், அண்ணி தன் தப்பை மறைக்க ஆள்மேல் பழி போடுகிறாள் என்று நினைத்துவிட்டாய் என்றுதான் எனக்குப் பட்டது. கோள் சொல்கிறமாதிரி இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். என் வீட்டு மனிதனே நம்பாததைப் பதிவாளரிடம் எப்படிச் சொல்வது? வாயாடி அன்று தொண்டை கிழியக் கத்தினாள். நான் கேட்கவில்லை.

மூன்று மாதமாக உன்மேல் கோபமாக இருந்தேன். பதில் எழுதாததும் அதனால்தான். புத்தகம் வந்தபோது நீ வேண்டுமென்றே அனுப்பியதாகக்கூட நினைத்தேன். என்னைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவன் என்னைக் குற்றவாளி என்று முடிவு செய்துவிட்டான் என்று அழுதேன். இப்போது உன் கடிதம் வந்த பிறகு அந்த அழுகையும் நின்றுவிட்டது. ஜனவரியிலிருந்து என் கடிதங்களை நீ படிக்கவே இல்லை, தம்பி. உனக்குத்தான் எழுதுகிறேன் என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கெடு முடிந்து இன்றோடு மூன்று நாள். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறோம். போகிற இடம் இன்னும் முடிவாகவில்லை. முடிவானதும் வாயாடி உனக்கு விலாசம் எழுதுவாள். நான் எழுத மாட்டேன்.

அண்ணி